ஒரு ரூபாய் எங்கே போச்சு? டீக்கடை புதிருக்குள் ஒரு உஷார் பாடம்!

சென்னை: "டேய், அந்த ஒரு ரூபாய் எங்கடா போச்சு?"

சாயங்கால நேரத்து டீக்கடையில் இந்தக் கேள்வி விழுந்தால் போதும். டீ ஆறிப்போகும். ஏற வேண்டிய பஸ் போய்விடும். பேப்பர், பேனா கேட்டு ஒருத்தர் கடைக்காரரைத் தொந்தரவு செய்வார். நல்ல நண்பர்களுக்குள் சண்டையே வந்துவிடும்.

மின்சார ரயில், ஆட்டோ ஸ்டாண்டு, கல்லூரி கேன்டீன், கல்யாண மண்டபத்து வாசல் என நாலு பேர் கூடும் இடத்தில் புதிர் போடுவது நம்ம ஊரில் ரொம்ப நாள் பழக்கம். செல்போன் வந்த பிறகு அது வாட்ஸ்-அப் குரூப்புக்கும் குடிபோய்விட்டது.

'சும்மா டைம் பாஸ்தானே' என்று தோன்றும். ஆனால் புதிர் போடுகிற நண்பர் நம்மை எந்த இடத்தில் கவிழ்க்கிறாரோ, அதே இடத்தில்தான் கடையில் சில்லறை ஏமாற்றுகிறவனும், 'ஆள் சேர்த்தால் பணம்' என்று வீடு தேடி வருகிறவனும் கவிழ்க்கிறார்கள்.

நண்பரிடம் ஏமாந்தால் ஒரு டீ செலவு. வெளியே ஏமாந்தால் ஒரு மாதச் சம்பளம்.

அது எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

லாட்ஜ் கணக்கு

மூன்று நண்பர்கள் ஒரு லாட்ஜில் அறை எடுக்கிறார்கள். வாடகை 30 ரூபாய். (அந்தக் காலத்துக் கணக்கு, விட்டுவிடுங்கள்.) ஆளுக்கு 10 ரூபாய் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விடுகிறார்கள்.

பிறகுதான் முதலாளிக்கு வாடகை 25 ரூபாய்தான் என்று ஞாபகம் வருகிறது. ரூம் பாயைக் கூப்பிட்டு, "இந்த 5 ரூபாயை அவங்ககிட்ட குடுத்துடுப்பா" என்கிறார்.

பையன் கொஞ்சம் விவரம். 5 ரூபாயை மூன்று பேருக்குப் பிரிக்க முடியாதே என்று 2 ரூபாயைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஆளுக்கு ஒரு ரூபாய் கொடுக்கிறான்.

இப்போது ஆளுக்கு ஆன செலவு 9 ரூபாய். மூன்று பேருக்கு 27. பையனிடம் 2. மொத்தம் 29. கொடுத்தது 30. மீதி ஒரு ரூபாய் எங்கே?

முதல் தடவை கேட்பவர்கள் பத்து நிமிஷமாவது மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள். "பையன் அமுக்கிட்டான்", "முதலாளிகிட்ட இருக்கு" என்று ஆளாளுக்கு ஒரு விடை வரும்.

உண்மையில் எந்த ரூபாயும் காணாமல் போகவில்லை. நண்பர்கள் கொடுத்த 27 ரூபாயில் 25 முதலாளியிடம், 2 பையனிடம். கணக்கு முடிந்தது. பையனின் 2 ரூபாய் அந்த 27-க்குள்ளேயே இருக்கிறது. உள்ளே இருப்பதை எடுத்து மறுபடியும் மேலே கூட்டச் சொன்னதுதான் பொறி.

30 வர வேண்டும் என்றால், 27-உடன் நண்பர்கள் கைக்குத் திரும்பி வந்த 3 ரூபாயைக் கூட்ட வேண்டும். 27-ம் 3-ம் 30. சரியாக வரும்.

நம்பாதவர்களுக்கு ஒரு வழி

இவ்வளவு சொன்ன பிறகும், "அதெல்லாம் சரி, அந்த ஒரு ரூபாய்?" என்று கேட்கிற நண்பர் ஒருத்தர் இருப்பார். அவருக்கு நம்பரை மாற்றிப் போட்டுக் காட்ட வேண்டும்.

முதலாளி 5-க்குப் பதில் 20 ரூபாய் திருப்பிக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். பையன் அதே 2 ரூபாயை எடுத்துக்கொண்டு ஆளுக்கு 6 ரூபாய் கொடுக்கிறான். ஆளுக்குச் செலவு 4 ரூபாய். மூன்று பேருக்கு 12. பையனிடம் 2. மொத்தம் 14.

அப்படியானால் மீதி 16 ரூபாய் எங்கே? இப்போது யாரும் பதற மாட்டார்கள். "அது அவங்க கையிலதான் இருக்கு" என்று சிரித்துவிடுவார்கள்.

பழைய கணக்கில் 29-ம் 30-ம் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால்தான் ஒரு ரூபாய் தொலைந்த மாதிரி இருந்தது. 14-ஐயும் 30-ஐயும் பார்த்தால் சேர்த்துக் கூட்டக் கூடாததைக் கூட்டியிருக்கிறோம் என்று பளிச்சென்று தெரிந்துவிடுகிறது.

கடையில் நடக்கும் அதே கூத்து

இதே குழப்பத்தைக் கடையில் வேண்டுமென்றே உண்டாக்குகிறவர்கள் உண்டு. கடையில் கூட்டம் அதிகமாக இருக்கும் நேரம் பார்த்து வருவார்கள்.

20 ரூபாய் சாமானுக்கு ஒருவர் 500 ரூபாய் நோட்டை நீட்டுகிறார். கடைக்காரர் 480 ரூபாயை எண்ணிக் கொடுக்கிறார். பணம் அவர் பைக்குள் போய்விடுகிறது. அடுத்த நிமிஷமே, "அண்ணே, 20 ரூபாய் சில்லறையாவே இருக்கு. இதை வெச்சுக்கிட்டு அந்த 500-ஐக் குடுத்துடுங்க" என்கிறார்.

கடைக்காரர் 20-ஐ வாங்கிக்கொண்டு 500-ஐக் கொடுத்துவிடுகிறார். 'சாமான் 20, வாங்கினது 20, அவர் நோட்டு அவருக்குப் போச்சு' என்று மனதுக்குள் கணக்கு சரியாகிவிடுகிறது. ஆனால் 480 ரூபாய் திரும்பி வரவே இல்லை. ராத்திரி கல்லாவை எண்ணும்போதுதான் தலையில் கை வைப்பார்.

முதல் கணக்கு முடிவதற்குள் இரண்டாவது கணக்கை ஆரம்பித்து வைப்பதுதான் இதில் உள்ள தந்திரம். லாட்ஜ் புதிரிலும் இதேதான். செலவுக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே கொடுத்த பணத்தின் கணக்கை உள்ளே நுழைத்துவிட்டார்கள்.

தப்பிக்க வழி சுலபம். "முதல்ல நான் குடுத்த 480-ஐ வைங்க, அப்புறம் பேசுவோம்" என்று ஒரு கணக்கை முடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

கள்ள நோட்டு புதிர்

வியாபாரிகள் மத்தியில் ரொம்பப் பிரபலமான இன்னொரு புதிரும் உண்டு.

ஒருவர் 200 ரூபாய்க்குச் சாமான் வாங்கி 500 ரூபாய் நோட்டு கொடுக்கிறார். கடைக்காரரிடம் சில்லறை இல்லை. பக்கத்துக் கடையில் நோட்டை மாற்றி, 300 ரூபாய் மீதி கொடுத்து அனுப்புகிறார். கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கடைக்காரர் ஓடி வருகிறார். "இது கள்ள நோட்டுப்பா!" வேறு வழியில்லாமல் அவருக்கு நல்ல 500 ரூபாய் கொடுத்து அனுப்புகிறார் நம்மவர்.

அவருக்கு மொத்த நஷ்டம் எவ்வளவு?

1,000 என்பார் ஒருத்தர். 800 என்பார் இன்னொருத்தர். "1,300-டா" என்று மூன்றாவது ஆள் அடித்துச் சொல்வார்.

விடை 500 ரூபாய்தான். பக்கத்துக் கடைக்காரரிடம் 500 வாங்கினார், 500 கொடுத்தார். அந்தக் கணக்கு நேராகிவிட்டது. கள்ள நோட்டுக்காரன் கொண்டுபோனது என்ன? 200 ரூபாய் சாமான், 300 ரூபாய் பணம். அவன் கொண்டுபோனதுதான் இவருக்கு நஷ்டம். (சாமானை விற்பனை விலைக்குக் கணக்குப் போட்டால்.)

எத்தனை கை மாறினாலும் சரி, 'கடைசியில் யார் கையில் என்ன போச்சு?' என்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் எப்பேர்ப்பட்ட சிக்கலும் அவிழ்ந்துவிடும்.

டக்குனு வரும் விடை

சரி, கணக்கில் கெட்டிக்காரர்கள் இதில் மாட்ட மாட்டார்களா? நன்றாகவே மாட்டுவார்கள்.

ஒரு பேட்டும் பந்தும் சேர்த்து 110 ரூபாய். பந்தைவிட பேட் 100 ரூபாய் அதிகம். பந்து எவ்வளவு?

வாயில் முதலில் வருவது '10 ரூபாய்'. ஆனால் பந்து 10 என்றால் பேட் 110 ஆகிவிடும். மொத்தம் 120. சரியான விடை 5 ரூபாய். பேட் 105, பந்து 5.

இதே மாதிரிக் கேள்வி மூன்றை வைத்துத்தான் அமெரிக்காவைச் சேர்ந்த ஷேன் பிரெடரிக் என்ற ஆராய்ச்சியாளர் 2005-ம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். 3 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டதில் மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னவர்கள் 17 சதவீதம் பேர்தான். 33 சதவீதம் பேர் மூன்றிலும் கோட்டை விட்டார்கள்.

உலகப் புகழ்பெற்ற எம்.ஐ.டி. மாணவர்களிலேயே மூன்றையும் சரியாகச் சொன்னவர்கள் 48 சதவீதம்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

கணக்குத் தெரியாமல் இவர்கள் தோற்கவில்லை. டக்கென்று வந்த விடையைச் சரிபார்க்காமல் விட்டதுதான் தப்பு. பந்து 10 ரூபாய் என்றதும் ஒரு தடவை கூட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

தாமரைக் குளமும் ஆள் பிடிப்பும்

அந்த மூன்று கேள்விகளில் கடைசிக் கேள்வி இது. குளத்தில் தாமரை இலை படர்கிறது. தினமும் இரண்டு மடங்காகிறது. குளம் முழுக்க மூட 48 நாள் ஆகிறது. பாதிக் குளம் மூட எத்தனை நாள்?

24 என்று சொல்லத் தோன்றும். விடை 47. பாதிக் குளம் மூடிய மறுநாளே முழுக் குளமும் மூடிவிடும்.

இந்தப் புதிர் புரிந்தவர்களிடம் 'நீங்க ரெண்டு பேரைச் சேருங்க, அவங்க ஆளுக்கு ரெண்டு பேரைச் சேர்ப்பாங்க' என்று யாராவது வந்தால் பாச்சா பலிக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் அடுக்கில் 2 பேர். 10-வது அடுக்கில் 1,024 பேர். 20-வது அடுக்கில் 10 லட்சத்து 48 ஆயிரத்து 576 பேர். 27-வது அடுக்கில் மட்டும் 13 கோடியே 42 லட்சம் பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டின் மொத்த ஜனத்தொகையே 7 கோடியே 21 லட்சம்தான். பிறந்த குழந்தையைச் சேர்த்தாலும் ஆள் பத்தாது!

இன்னொரு விஷயமும் இருக்கிறது. எந்த அடுக்கில் சங்கிலி அறுந்தாலும், கடைசி அடுக்கில் இருப்பவர்கள், மேலே இருக்கும் அத்தனை பேரையும் கூட்டினால் வருவதைவிட அதிகம். அதாவது பணம் கட்டியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கீழே ஆளே இல்லை. அவர்கள் கட்டிய பணம் போனது போனதுதான்.

இந்த மாதிரி பணச் சுழற்சித் திட்டங்கள் 1978-ம் ஆண்டு மத்திய சட்டத்திலேயே தடை செய்யப்பட்டுவிட்டன. இப்படிப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் போலீசின் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம்.

பெரும்பாலும் ஆள் பிடிக்க வருவது தெரியாத ஆள் கிடையாது. நண்பர், சொந்தக்காரர், கூட வேலை பார்ப்பவர். அவர் முகத்துக்காகவே பணம் கட்டிவிட்டு, பிறகு நட்பும் போய், பணமும் போய் நிற்கிறவர்கள் உண்டு. அந்த நேரத்தில் "மச்சான், தாமரைக் குளம் கணக்கு ஞாபகம் இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் இரண்டும் மிஞ்சும்.

பாட்டி போட்ட விடுகதை

புதிர் என்றால் கணக்கு மட்டுமா? நம்ம பாட்டிமார் ராத்திரிச் சோறு போட்டுக்கொண்டே சொன்ன விடுகதையும் இதே தொழில்தான். தென் மாவட்டங்களில் இதை 'அழிப்பாங்கதை' என்பார்கள். தொல்காப்பியத்திலேயே 'பிசி' என்ற பெயரில் இதற்கு இலக்கணம் இருக்கிறது.

"ஓடுவான் சாடுவான், ஒற்றைக்காலில் நிற்பான்." யார் என்று கேட்டால் பிள்ளைகள் கொக்கு, நொண்டி என்று தேடிப்போகும். விடை, கதவு! பழைய வீட்டுக் கதவுகள் கீழே ஒரே குடுமியில் நின்று சுழலும். 'ஓடுவான்' என்று ஆள் மாதிரிச் சொன்னதால் புத்தி உயிருள்ளதைத் தேடிப் போய்விட்டது.

"வெள்ளை மாளிகைக்கு வாசலே இல்லை." விடை, முட்டை. மாளிகை என்றதும் கல்லும் சுண்ணாம்பும் கண்ணுக்கு வந்துவிடுகிறது.

"அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை, ஆனா அழ வெச்சுட்டான்." விடை, அடுக்களையில் இருக்கும் வெங்காயம்.

மூன்றிலும் பொறி ஒரே ஒரு வார்த்தையில் இருக்கிறது. அந்த வார்த்தையைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தால் விடை தானாக வந்து நிற்கும். பேச்சில் மயக்குகிறவர்களிடம் எந்த வார்த்தையைச் சந்தேகப்பட வேண்டும் என்பதற்கு ஐந்து வயசிலேயே கிடைக்கும் பயிற்சி இது.

துறைமுக குமாஸ்தாவுக்கு நண்பர் போட்ட புதிர்

நண்பர்கள் புதிர் போட்டுக்கொள்வதற்கு சென்னைக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு கதை உண்டு.

கணித மேதை ராமானுஜன் 1912-ம் ஆண்டு சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் மாதச் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். 1914-ல் லண்டன் பக்கத்தில் உள்ள கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தார். அங்கே படித்துக்கொண்டிருந்த மகாலனோபிஸ் அவருக்கு நண்பர். (1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை ஆரம்பித்தவர் இவர்தான்.)

1914 டிசம்பர் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் ஒரு புதிர் வந்திருந்தது. ராமானுஜன் அறைக்குச் சாப்பிடப் போன மகாலனோபிஸ் அதை வாசித்துக் காட்டினார். ராமானுஜன் அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

ஒரு தெருவில் ஒரே வரிசையில் வீடுகள். கதவு எண் 1, 2, 3 என்று போகிறது. ஒரு வீட்டுக்கு இடதுபக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும், வலதுபக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் ஒன்றாக வருகிறது. தெருவில் 50-க்கு மேல் 500-க்குள் வீடுகள். அந்த வீட்டு எண் என்ன?

சின்னத் தெருவில் பார்த்தால் இது எளிதாகப் புரியும். 8 வீடு உள்ள தெருவில் விடை 6. ஒருபக்கம் 1, 2, 3, 4, 5 கூட்டினால் 15. மறுபக்கம் 7, 8 கூட்டினால் 15.

மகாலனோபிஸ் போட்டுப் பார்த்தே விடையைக் கண்டுபிடித்திருந்தார். 288 வீடுகள், எண் 204. ராமானுஜன் கரண்டியைக் கீழே வைக்காமலே, "எழுதிக்கொள்ளுங்கள்" என்று ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். அந்த ஒரு தெருவுக்கு மட்டும் இல்லை, எத்தனை வீடு இருந்தாலும் இப்படி அமையும் எல்லாத் தெருவுக்கும் அதில் விடை இருந்தது.

ராமானுஜன் மூளை எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் 'விடை என்ன?' என்பதோடு விடாமல் 'இது எப்படி வருது?' என்று யாரும் கேட்கலாம்.

கூகுளில் தேடாதீங்க

இப்போது புதிர் வந்ததும் செல்போனை எடுத்துத் தேடினால் அரை நிமிஷத்தில் விடை வந்துவிடும். விடை கிடைக்கும், ஆனால் தான் எங்கே சறுக்கினோம் என்று தெரியாமலே போய்விடும். அடுத்த தடவை அதே இடத்தில் மறுபடியும் சறுக்க வேண்டியதுதான்.

அதனால் நண்பர்களுக்குள் புதிர் போடும்போது சில விஷயங்களைக் கடைப்பிடிக்கலாம்.

* விடை தெரிந்தவர் முந்திக்கொண்டு கத்தக் கூடாது. மற்றவர்கள் யோசிக்க நேரம் கொடுக்க வேண்டும்.

* முடியவில்லை என்றால் முதலில் ஒரு 'க்ளூ'. விடை கடைசியில்தான்.

* விடை சொன்னவர் அது எப்படி வந்தது என்றும் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னது கணக்கில் சேராது.

* தோற்றவரைக் கேலி செய்து காயப்படுத்தக் கூடாது. மாட்டிக்கொண்டவர் அடுத்த தடவை வாய் திறக்கவே மாட்டார்.

* பந்தயம் ஒரு டீயோடு நிற்கட்டும்.

வாட்ஸ்-அப்பில் 'இந்தப் புதிருக்கு விடை சொன்னால் பரிசு' என்று லிங்க் வந்தால் தொடாதீர்கள். புதிருக்கு விடை கேட்கிறவனுக்கு உங்கள் ஓ.டி.பி. எதற்கு? பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற தேசிய சைபர் கிரைம் உதவி எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு அதிகம்.

வீட்டுக்கு ஒரு புதிர்

இன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் போட்டுப் பார்க்க ஒரு எளிய புதிர். 10 அடி ஆழக் கிணற்றில் ஒரு நத்தை. பகலில் 3 அடி ஏறும், ராத்திரி 2 அடி சறுக்கும். எத்தனையாவது நாள் மேலே வந்து சேரும்?

ஒரு நாளைக்கு ஒரு அடிதானே, 10-வது நாள் என்று டக்கென்று பதில் வரும். விடை 8-வது நாள். 7 நாளில் 7 அடி ஏறியிருக்கும். 8-வது நாள் பகலில் 3 அடி ஏறினால் மேலே வந்துவிடும். வந்த பிறகு சறுக்க ஏது கிணறு?

விடையை மட்டும் சொல்லிவிடாதீர்கள். வீட்டில் யார் முதலில் "இரு, இரு... ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். கல்லாப்பெட்டியின் சாவியை அவரிடம் தைரியமாகக் கொடுக்கலாம்.